நீங்க பாத்தத எழுதுங்க, நெனச்சத எழுதாதீங்க

எல்லாருக்கும் வணக்கம். கடைசி வரிசைக்கு கேக்குதா? சரி.

மிருகங்களை கொடுமைப்படுத்துறதப் பத்தி வர்ற புகார்கள பல வருஷமா படிச்சிட்டு வர்றேன். நெறைய புகார் ஒரே மாதிரிதான் இருக்கும். "பக்கத்து வீட்டுல நாய சித்திரவதை பண்றாங்க, அவங்கல்லாம் மனுஷங்களே இல்ல, உடனே வாங்க." அவ்ளோதான் புகார். கோபம் நியாயமான கோபம், எனக்கும் அதே கோபம் வரும், ஆனா விசாரிக்கப் போறவர் கையில என்ன இருக்கு சொல்லுங்க, எந்த நாய், எங்க கட்டிருக்கு, எத்தனை நாளா, நீங்க கண்ணால என்ன பாத்தீங்க, ஒண்ணுமே இல்ல. அவர் போவாரு, அன்னிக்குன்னு பாத்து கிண்ணத்துல தண்ணி இருக்கும், நாய் வால ஆட்டிட்டு வரும், "புகாருக்கு ஆதாரம் இல்லை"ன்னு எழுதி ஃபைல மூடிடுவாங்க.

ஒரு வயசான அம்மாவுக்கு இதேதான் நடந்துச்சு. முதல் புகார் மூடியாச்சு. ஆனா அவங்க விடல. தினசரி காலண்டர் தாள் பின்னாடி எழுத ஆரம்பிச்சாங்க. "காலை 7 மணி, கிண்ணம் காலி. மதியம் 1 மணி, காலி, நாய் வெயில்லயே கெடக்கு, நிழலுக்குப் போக சங்கிலி எட்டல. சாயங்காலம் யாரும் வரல." 19 நாள் இப்படியே. திட்டி ஒரு வார்த்தை இல்ல. தன் வீட்டு மாடியில இருந்தே எடுத்த போட்டோ, தேதியோட. நான் படிச்ச புகார்லயே அதுக்கு மேல ஒண்ணு இல்லைன்னு சொல்வேன். அதப் படிச்சவருக்கு எந்த நேரத்துல போனா என்ன பாக்கலாம்னு தெரிஞ்சிடுச்சு, மதியம் 1 மணிக்குப் போனாரு.

வாயில்லா ஜீவன்னு சொல்றோம் இல்லையா, ஆனா பாக்கத் தெரிஞ்சவங்களுக்கு அந்த உடம்பு எல்லாத்தயும் சொல்லிடும். நாய்க்கு உடல் நிலை ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, 1ல இருந்து 9 வரைக்கும், 4, 5ன்னா சரியான உடம்பு, 1ன்னா விலா, முதுகெலும்பு, இடுப்பெலும்பு எல்லாம் தூரத்துல இருந்தே தெரியும். தோல இழுத்து விட்டா உடனே பழைய இடத்துக்குப் போகணும், மெதுவா போச்சுன்னா உடம்புல தண்ணி இல்லைன்னு சந்தேகப்படலாம். கழுதை, குதிரை குளம்பு வெட்டாம விட்டா செருப்பு மாதிரி மேல வளைஞ்சு போயிருக்கும், அது ஒரு வாரத்துல ஆகுற காரியமா? மாசக்கணக்கு. குட்டியா இருக்கப்ப போட்ட கழுத்துப் பட்டய மாத்தாம விட்டு, நாய் வளர வளர அது சதைக்குள்ள புதைஞ்சிருக்கும், "நேத்துதான் பாத்தேன் சார், நல்லாதான் இருந்துச்சு"ன்னு ஓனர் சொன்னா அது பொய்னு அந்தக் காயமே சொல்லிடும். பட்டினியா செத்துப்போன மிருகத்துல எலும்பு மஜ்ஜையில இருக்குற கொழுப்பக்கூட பாப்பாங்க, உடம்பு கடைசியா எடுத்து செலவழிக்கிறது அதத்தான். அதனால சந்தேகமான சாவுன்னா உடனே புதைச்சிடாதீங்க. குளிர்ச்சியா வைக்கணும், ஆனா ஐஸ் கட்டியா உறைய வைக்கக்கூடாது, உறைஞ்சா திசு கெட்டுப்போயிடும், டாக்டர் பாக்க வேண்டியது பாக்க முடியாது.

அந்தம்மா சொன்ன நாய மீட்டு தராசுல நிறுத்தினப்ப 14 கிலோ. ஓனர், "அதுக்கு ஏதோ வியாதி, எவ்ளோ போட்டாலும் உடம்பு ஏறல"ன்னாரு. இத அப்படியே ஒதுக்கிடக்கூடாது, நெஜமாவே கிட்னி கோளாறு, கேன்சர், வயசு இதாலயும் எலும்பும் தோலுமா ஆகும், நல்லா பாத்துக்குற வீட்டு மேலயும் புகார் வந்திருக்கு. அதனால ரத்தம் டெஸ்ட் பண்ணாங்க, ஒண்ணுமில்ல. அப்புறம் சாப்பாட்ட அளந்து போட்டு, எடை எழுதிட்டே வந்தாங்க. 6 வாரத்துல 21 கிலோ. மருந்து கிடையாது, வெறும் சாப்பாடு. கேஸ்ல பேசினது அந்த ரெண்டு நம்பர்தான்.

சாப்பாடுன்னதும் ஞாபகம் வருது, ரொம்ப நாள் பட்டினி கெடந்தத மீட்டதும் பாசத்துல வயிறு நெறைய போட்டுடாதீங்க. ரத்தத்துல பாஸ்பேட்னு ஒரு சத்து சடார்னு எறங்கி உயிரே போயிடலாம். கொஞ்சம் கொஞ்சமா, டாக்டர் சொல்ற கணக்குல.

சட்டம் இருந்தா போதும்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு பழைய விஷயம். பிரிட்டன்ல 1822ல ரிச்சர்ட் மார்ட்டின்னு ஒரு எம்.பி. மாடு, குதிரை, ஆடு, கழுதையை எல்லாம் அடிச்சு வதைக்கறது குற்றம்னு சட்டம் கொண்டு வந்தாரு. கொண்டு வந்தாச்சு, யார் போய் பாக்குறது? அதுக்குத்தான் 1824ல லண்டன்ல மிருகவதைய தடுக்க ஒரு சங்கம் ஆரம்பிச்சு, சந்தைக்கு ஆள் அனுப்பி கண்காணிச்சாங்க. இன்னிக்கு ஆர்.எஸ்.பி.சி.ஏ.ன்னு சொல்றோமே, அதுதான். அன்னிக்கே புரிஞ்சிருக்கு, பாத்து எழுதுற ஆள் இல்லைன்னா சட்டம் வெறும் காகிதம்.

இப்ப நான் ரொம்ப வருத்தப்படுற ஒரு விஷயம், என் தப்பு. வேலைக்கு வந்த புதுசுல, ஒருத்தர் மாட்ட அடிக்கிற வீடியோ கெடச்சுது, புகார் குடுக்கறதுக்கு முன்னாடியே அத நெட்ல போட்டேன். ஆயிரக்கணக்குல ஷேர். மறுநாள் ஆளுங்க போனப்ப கொட்டகை காலி, மாட்ட எங்கயோ மாத்திட்டாங்க, கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்ல. அந்த மாடு என்ன ஆச்சுன்னு இன்னிக்கும் யோசிப்பேன். அதனாலதான் கெஞ்சி கேக்குறேன், வீடியோவ வெட்டாம, மியூசிக் போடாம, ஒரிஜினல் அப்படியே விசாரிக்கிறவங்க கையில குடுங்க. வேலி தாண்டி உள்ள போகாதீங்க, உங்களுக்கும் ஆபத்து, நீங்க எடுத்த ஆதாரத்துக்கும் ஆபத்து. ஆனா உயிருக்கு இப்பவே ஆபத்துன்னா எழுதிட்டு உக்காந்திருக்காதீங்க, உடனே போன். மூடுன கார்ல நாய் இருக்குன்னா, வெளிய 22 டிகிரிதான் இருக்குன்னாலும் வெயில்ல நின்னா ஒரு மணி நேரத்துக்குள்ள உள்ள 40ஐ தாண்டிடும்.

இன்னொண்ணு, எல்லா புகாரும் கொடூரன் கதை கிடையாது. தெரியாம, முடியாம, பணமில்லாம நடக்குறதும் நெறைய. விசாரிக்கப் போறவர் சங்கிலிய நீளமாக்கி, நிழலுக்கு வழி பண்ணி, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வந்து பாத்தாலே சரியாயிடுற வீடு இருக்கு. சில வீட்டுல மிருகத்த அடிக்கிற கை வீட்டு ஆளுங்களயும் அடிக்கும். 1874ல நியூயார்க்ல மேரி எலன்னு ஒரு சின்னப் பொண்ண வீட்டுல அடிச்சு வதைச்சப்ப, அவளக் காப்பாத்த நெனச்சவங்க போய் நின்ன கதவு மிருகவதை தடுப்பு சங்கத்த ஆரம்பிச்ச ஹென்றி பெர்க்கோட கதவுதான், குழந்தைகளுக்குன்னு தனி சங்கம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. அமெரிக்காவோட மத்திய புலனாய்வுத் துறை எஃப்.பி.ஐ. 2016ல இருந்து மிருகவதைய தனிக் குற்றமா கணக்கெடுக்குது. அதனால நாயப் பாக்கப் போறவங்க அந்த வீட்டுக் குழந்தை முகத்தயும் ஒரு தடவ பாருங்க.

புகார் குடுத்துட்டு பதில் வரலைன்னா விட்டுடாதீங்க. நம்பர் கேட்டு வாங்குங்க, யார்கிட்ட பேசினீங்கன்னு குறிச்சுக்கோங்க, புதுசா ஏதாவது பாத்தா அதே நம்பர்ல சேக்கச் சொல்லுங்க. காலண்டர் அம்மா ரெண்டாவது தடவ போன் பண்ணப்ப, "நான் போன மாசம் குடுத்த புகார் நம்பர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா"ன்னுதான் ஆரம்பிச்சாங்க.