பிளேடு பிடித்த கை

எல்லாருக்கும் வணக்கம். இசைத்தட்டு உறையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? பொடி எழுத்தில், கண்ணை இடுக்கினால்தான் தெரிகிற இடத்தில் எடி ஆஃபர்ட் என்று ஒரு பெயர் இருக்கும். இன்றைக்கு அவரைப் பற்றித்தான் பேச்சு.

இங்கிலாந்துக்காரர். லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர். எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் 1970இல் வந்தபோது ஒலிப்பதிவு இவர்தான். அடுத்த வருடம் ‘டார்கஸ்’ ஆல்பத்தின் கடைசியில் ‘ஆர் யூ ரெடி எடி?’ என்று அவர் பேரிலேயே ஒரு பாட்டைப் போட்டுக் கலாய்த்தார்கள். அதே 1971இல் யெஸ் என்ற இன்னொரு ராக் குழுவின் இரண்டு ஆல்பங்களுக்கு இணைத் தயாரிப்பாளர்.

சரி, 1972க்கு வருவோம். யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பம், அதில் அதே பெயரில் ஒரு பாட்டு. பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடி, தட்டின் ஒரு பக்கத்தையே அடைத்துக்கொள்ளும் பாட்டு. கேட்டால் ஒரே மூச்சில் வாசித்த மாதிரி இருக்கும். ஆனால் பதிவின்போது கொஞ்சம் வாசிப்பார்கள், நிறுத்துவார்கள், விவாதிப்பார்கள், மறுபடி வாசிப்பார்கள். நடுவில் வருகிற சர்ச் ஆர்கனை ஸ்டூடியோவிலேயே எடுக்கவில்லை. லண்டன் கிரிப்பிள்கேட்டில் உள்ள செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் எடுத்தார்கள்.

இவ்வளவையும் ஒட்டுவது ஆஃபர்டின் வேலை. அந்தக் காலத்தில் ஒட்டுவதென்றால் நிஜமாகவே ஒட்டுவதுதான். டேப் சுருளைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, டிரம் அடி விழுகிற இடத்தைக் காதால் பிடித்து, பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் சாய்வாக நறுக்கி, அடுத்த துண்டோடு சேர்த்து ஒட்ட வேண்டும். தப்பினால் தாளம் நொண்டும். ஒருமுறை தேவையான துண்டு குப்பைக்குப் போய்விட, வெளியே ஓடித் தொட்டியைக் கிளறி மீட்டார்களாம். ஆல்பம் முடிந்த பிறகு இன்னொரு கூத்து. முழுப் பாட்டையும் ஒருமுறைகூடச் சேர்ந்து வாசித்திராத குழு, மேடையில் வாசிக்கத் தன் பாட்டைத் தானே தட்டைக் கேட்டுப் படிக்க வேண்டியிருந்தது!

அடுத்த ஆல்பத்துக்கு ஸ்டூடியோவில் வைக்கோலும் அட்டை மாடுகளும் நிறுத்திப் பண்ணை செட் போட்டார்கள். அந்த ஆல்பத்தை நான் முழுசாகக் கேட்டு முடித்ததே குறைவு, மாடுகளின் மேல் குற்றமில்லை. 1974இல் ‘ரிலேயர்’ ஆல்பத்தை கிட்டார்காரர் கிறிஸ் ஸ்குவயர் — மன்னிக்கணும், பேஸ் கிட்டார்காரர் — வீட்டிலேயே பதிந்தார்கள். அப்புறம் ஆஃபர்ட் அமெரிக்கா போனார். 1993இல் 311 என்ற குழுவின் ‘மியூசிக்’ ஆல்பம் அவர் தயாரிப்பு. ராப் கலந்த ராக். பழைய ரசிகர்கள் முகம் சுளித்திருப்பார்கள்.

இப்போது அந்த 1972 பாட்டைப் போடுகிறேன். ஆர்கன் நுழைகிற இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு ஒட்டு எங்கே என்று தேடுங்கள். எனக்கு இதுவரை அகப்படவில்லை.