வலக்கோடி வரிசை ஏன் திரும்பவில்லை?

(குடியரசு தினத்தன்று மாலை, திருவல்லிக்கேணியில் சிறு கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். லீவு நாளில் டிவியை அணைத்துவிட்டு இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறீர்கள். அதற்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இன்று காலை ஐந்தரை மணிக்கு என் பேரன் என்னை எழுப்பிவிட்டான். விடுமுறையில் எட்டு மணிவரை தூங்குவது என் பிறப்புரிமை என்று சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. மெரினாவில் உழைப்பாளர் சிலைப் பக்கம் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முன்பெல்லாம் குடியரசு தின விழா காந்தி சிலை அருகே நடக்கும்; மெட்ரோ ரயில் வேலைக்காக 2023இல் இந்தப் பக்கம் மாற்றினார்கள்.

எட்டு மணிக்கு ஆளுநர் கயிற்றை இழுத்தார். கொடி விரிந்தது, ஹெலிகாப்டர் பூத்தூவிப் போனது. பேரன் கேட்டான்: "தாத்தா, கொடி முன்னாடியே மேலதானே இருந்துச்சு? அப்புறம் ஏன் கொடியேத்துறாங்கன்னு சொல்றாங்க?"

நியாயமான கேள்வி. ஆகஸ்ட் 15 அன்று கொடி கம்பத்தின் அடியிலிருந்து மேலே போகும், அந்நிய ஆட்சி போய் நம் கொடி ஏறிய நாள் என்பதால். 1950 ஜனவரி 26 அன்று நாடு ஏற்கெனவே விடுதலை பெற்றிருந்தது. அதனால் கொடியை உச்சியிலேயே மடித்துக் கட்டிவைத்து அவிழ்க்கிறோம். செய்தித்தாள்கள் இரண்டுக்கும் 'கொடியேற்றினார்' என்றே எழுதிவிடுகின்றன. கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவில் கொடியேற்றம் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே புரியும்.

யார் ஏற்றுவது என்பதும் ஒரு கதை. 1973 வரை சுதந்திர தினத்திலும் மாநிலங்களில் ஆளுநர்தான் ஏற்றுவார். டெல்லியில் பிரதமர் ஏற்றும்போது இங்கே முதலமைச்சர் ஏன் ஏற்றக்கூடாது என்று கலைஞர் கேட்டார். 1974 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் அவரே ஏற்றினார். இன்று எல்லா மாநில முதல்வர்களும் அந்த உரிமையை அனுபவிக்கிறார்கள்.

பதக்கம் கொடுக்கும் நேரத்தில்தான் கூட்டம் சலசலக்கிறது, சுண்டல்காரரைத் தேடுகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் வாங்குகிறவர்களில் கிணற்றில் குதித்து யாரையோ காப்பாற்றிய ஆள் இருப்பார். அலங்கார ஊர்திகளைவிட அவரைப் பார்க்கத்தான் நான் போவேன்.

சரி, அடுத்து அணிவகுப்பு. மேடையை நெருங்கியதும் 'தஹினே தேக்' என்று குரல் வரும். மொத்த அணியும் ஒரே வெட்டில் தலையை வலப்பக்கம் திருப்பும். பேரன் கம்பி இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஓரத்துல இருக்கவங்க மட்டும் திரும்பலையே தாத்தா. மறந்துட்டாங்களா?"

மறக்கவில்லை. வலக்கோடி வரிசை திரும்பக்கூடாது என்பதுதான் முறை. எல்லோரும் மேடையைப் பார்த்தால் அணி கோணிப் போகும். ஓர வரிசை நேராகப் பார்த்து நடந்தால்தான் மற்றவர்களுக்கு நேர்க்கோடு கிடைக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் நானே அந்த வரிசையில் நடந்தவன். இருட்டோடு கிளம்பி வந்து, கடற்காற்றில் நடுங்கிக்கொண்டே ஒத்திகை பார்த்திருக்கிறோம். சட்டைக்குக் கஞ்சி போட்டதில் கழுத்து அறுத்தது இன்னும் நினைவிருக்கிறது.

"அப்போ நீ கவர்னரைப் பார்த்தியா?" என்றான்.

இல்லை. மேடை என் வலத்தோளுக்கு இருபதடியில் கடந்துபோனது. நான் பார்த்தது எனக்கு முன்னால் நடந்தவனுடைய பிடரியை. காலரில் ஒரு நூல் பிரிந்து, அடிக்கு அடி ஆடிக்கொண்டே போனது.