கேரட் விலை ஏறும்போது விவசாயி ஏன் புலம்புகிறார்?

கோவையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பகுதிக் கடையில் ஊட்டிக் கேரட் கிலோ 80 ரூபாய். அப்படியிருந்தும் நீலகிரி விவசாயிகள் நஷ்டம், நஷ்டம் என்கிறார்களே, எப்படி?" கேள்வியில் லேசான குத்தல் இருக்கிறது. பரவாயில்லை, நியாயமான சந்தேகம்தான்.

அந்த 80 ரூபாய் உங்கள் கடை விலை. விவசாயிக்கு விலை முடிவாகும் இடம் தோட்டம் இல்லை. பெரும்பாலும் மலைக்குக் கீழே, மேட்டுப்பாளையம் மண்டி. விடியும்போது சரக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதால் பலர் நள்ளிரவு தாண்டியதுமே டார்ச் வெளிச்சத்தில் கேரட் பிடுங்குகிறார்கள். காட்டுமாடு உலவுகிற நேரம் அது. பிறகு கழுவும் இயந்திரம், மூட்டை, லாரி. கழுவிய கேரட் காத்திருக்காது. மூட்டையில் கிடந்தால் அழுகத் தொடங்கிவிடும். "இன்று விலை சரியில்லை, திருப்பிக் கொண்டுபோகிறேன்" என்று சொன்னால் லாரி வாடகையை மறுபடியும் கொடுக்க வேண்டும். சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு, கூலியும் கமிஷனும் போக மிச்சத்தை எண்ணிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான்.

மண்ணிலேயே விட்டுவைக்கலாமே என்பீர்கள். சில நாள் தாங்கும். அதற்குமேல் கேரட் வெடிக்கும், நடுப்பகுதி கட்டையாகிவிடும்.

சரி, உருளைக்கிழங்குக்கு மாறலாம் என்றால் அங்கே வேறு கதை. 1961இல் ஊட்டி மண்ணில், உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்கு மணல் போலத் தெரியும் ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். பல வருடம் சும்மா கிடக்கும். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் பொருள் பட்டதும் பொரிந்து எழும். அதனால்தான் ஒரே நிலத்தில் உருளைக்கிழங்கையே திரும்பத் திரும்பப் போடாதீர்கள், நடுவில் முட்டைக்கோஸோ பீன்ஸோ போடுங்கள் என்று சொல்கிறோம். அரை ஏக்கர் வைத்திருப்பவரிடம் இதைச் சொல்வது சுலபம். அந்தப் போகத்தில் எதற்கு விலை இருக்கிறதோ அதைப் போடாமல் அவர் எப்படி இருப்பார்?

பனியையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வசதியுள்ள நல்ல நிலம் பள்ளத்தாக்கின் அடியில்தான் இருக்கும். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து அங்கேயே வந்து தேங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி முதலில் பிடிப்பது அந்த அருமையான நிலத்தைத்தான். விடிகாலையில் ஸ்பிரிங்க்ளர் ஓடவிட்டுப் பனியைக் கழுவுவார்கள். மின்சாரம் இல்லையென்றால் இலை கருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சரிவில் மேலே இருப்பவருக்குப் பனி குறைவு. ஆனால் ஒரு பெருமழையில் உரம் போட்ட மேல்மண் கீழே இறங்கிவிடும்.

குத்தகைக்காரர் நிலை இன்னும் மோசம். பட்டா வேறொருவர் பெயரில் இருப்பதால் வங்கிக் கடனும் இழப்பீடும் இவரை எட்டுவது கடினம். விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்தவரிடமே சரக்கைப் போடுகிறார். அங்கே பேரம் பேச வாய் வருமா?

இப்போது உங்கள் 80 ரூபாய்க்கு வருகிறேன். விலை அவ்வளவு ஏறியது ஏன்? பெரும்பாலும் மழையிலோ பனியிலோ பாதிப் பேருக்கு விளைச்சல் போனதால்தான். புலம்புகிறவரைப் பார்த்தால், அந்த வாரம் அவரிடம் எத்தனை மூட்டை இருந்தது என்று கேட்டுப்பாருங்கள்.