சாமி கும்பிடுகிற ஊரில் சுடுகாட்டுப் பாதை

(நூலக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி அமர்ந்திருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, அம்மன் கோயில் அறங்காவலர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவி அம்மா அவர்களே, பந்தலுக்கு வெளியே நின்றபடி கேட்கிற தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம். மூன்று மதத்துப் பெரியவர்களையும் ஒரே வரிசையில் உட்கார வைத்த பெருமை நம் நூலகரைச் சேரும். வேறொரு நிகழ்ச்சியைத் தள்ளி வைத்துவிட்டுத் தலைவி அம்மா இங்கே வந்திருக்கிறார். அவரிடம் ஒரு கோரிக்கை வைக்கப்போகிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

'மதமும் அறமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கேள்விகளோடு வந்திருக்கிறேன். மதம் இல்லாமல் அறம் இருக்க முடியுமா? மதம் ஓர் அமைப்பாக, நிர்வாகமாக, சொத்தாக ஆகும்போது அறத்துக்கு என்ன நேர்கிறது?

என் அப்பத்தா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்: "படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்." இன்று நான் பேசப்போவது முழுவதும் அதற்குள் இருக்கிறது.

முதல் கேள்விக்குக் கேரளத்து வைக்கம் பதில் சொல்லும். 1924இல் அங்கே கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. கோயிலுக்குள் போவதற்குக்கூட அல்ல, தெருவில் நடக்க. பின்னாளில் கடவுள் மறுப்பையே இயக்கமாக்கிய பெரியார் அதற்காக இரண்டு முறை சிறை போனார். சிவலிங்கம் பிரதிஷ்டை செய்த துறவி நாராயண குரு நேரில் வந்து ஆதரவு கொடுத்தார். அடுத்த ஆண்டு காந்தியடிகள் வந்தார். சாமி விஷயத்தில் மூவருக்கும் மூன்று வழி. தெரு எல்லோருக்கும் என்பதில் ஒரே வழி. ஆகவே அறத்துக்கு மதம் தடையாகத்தான் இருக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன், மதம் இருந்தால்தான் அறம் என்றும் சொல்லமாட்டேன்.

இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தத் திருச்சபை என்று ஒன்று உண்டு. 1829இல் அதன் பேரவை தெளிவாக முடிவு செய்தது: திருவிருந்தில் நிறம் பார்க்கக் கூடாது, எல்லோரும் சேர்ந்தே பங்குபெற வேண்டும். நல்ல முடிவு. ஆனால் வெள்ளையரல்லாதவரோடு உட்கார வெள்ளையர் சிலருக்கு மனம் வரவில்லை. 1857இல் அதே பேரவை மறுபடி கூடியது. சேர்ந்து வழிபடுவதுதான் வேதத்துக்கு உகந்தது என்பதை அப்போதும் அது மறுக்கவில்லை. ஆனாலும் "சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு" தனி வழிபாட்டுக்கு இடம் கொடுத்தது. 1881இல் கலப்பின மக்களுக்கென்று தனித் திருச்சபையே வந்துவிட்டது. 1948க்குப் பிறகு நிறவெறி நாட்டின் சட்டமானபோது அதற்கு வேதத்திலிருந்தே நியாயம் எடுத்துக் கொடுத்தவர்கள் அந்தச் சபையில் இருந்தார்கள். 1982இல் ஒட்டாவாவில் உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு கூடி, நிறவெறிக்கு வேத நியாயம் சொல்வது மதத்துரோகம் என்று அறிவித்தது. சிலருடைய பலவீனத்துக்காகக் கொடுத்த சலுகை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்ல ஒன்றேகால் நூற்றாண்டு ஆனது.

பங்குத்தந்தை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார் என்று எனக்குத் தெரியும். எந்த வேதமும் கொடுமை செய் என்று சொல்லவில்லை. பலமுள்ளவனுக்கு மனம் கோணக்கூடாது என்று நிர்வாகம் ஒரு சின்ன சலுகை கொடுக்கிறது. அந்தச் சலுகை வழக்கமாகிறது, வழக்கம் சாஸ்திரமாகிறது. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

இப்போது நம் பக்கம் வருகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் ஊர். பெயர் வேண்டாம். ஐப்பசி அடைமழை. ஊரில் யார் செத்தாலும் பறை அடிக்கிற ஒரு பெரியவர் இருந்தார். எத்தனை பேரை அவருடைய அடி வழியனுப்பியிருக்கிறது! அந்த மழையில் அவருடைய தாயார் இறந்து போனார். அவர்களுடைய சுடுகாட்டுக்குப் போகிற பாதை வாய்க்காலைக் கடந்து போகிறது. வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீர். ஊர்த்தெரு வழியாகப் போனால் பாலம் இருக்கிறது. பாடையோடு தெருமுனைக்கு வந்து நின்றார்கள். எதிரே நாலு பெரிய மனிதர்கள். முன்னால் நின்றவர் யார் தெரியுமா? புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயிலில் கம்பராமாயணம் சொல்கிறவர். குகனை ராமன் தம்பி என்று ஏற்றுக்கொண்ட இடத்தை அவர் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். அவர் சொன்னார்: "எனக்கு ஒண்ணுமில்லப்பா. ஊர் மனசு கோணக்கூடாது. கோயில் தெரு. தண்ணி வடியட்டும், நாளைக்கு எடுத்துக்கிடலாம்."

பாடை மழையில் நனைகிறது. பறை அடிக்கிற அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது மேலத்தெருவில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது. வயதான அம்மா. நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளி செவ்வாய் விரதம், விளக்கேற்றாமல் வாயில் தண்ணீர் படாது. தெருவில் இறங்கி வந்து பாடைக்கு முன்னால் நின்றார். "எம் புருசன் செத்தன்னைக்கு விடிய விடிய நின்னு அடிச்சவன்டா இவன். இவன் ஆத்தா தண்ணியில மிதந்து போகணுமா? தூக்குங்கடா. எம் வீட்டு வாசல் வழியா வாங்க, கொல்லை வழியாப் போங்க. எவன் தடுக்கிறான்னு நானும் பாக்கிறேன்." பாடை அந்த வீட்டுக்குள் நுழைந்து கொல்லை வழியாகப் பாலத்துக்குப் போனது. நாலு பெரிய மனிதர்களும் வழிவிட்டார்கள்.

(கைதட்டல் வேண்டாம், அந்த அம்மாவுக்காக எழுந்து நிற்க வேண்டுமானால் நில்லுங்கள்.)

தலைவர் அவர்களே, அந்த அம்மாவும் பக்தை, தடுத்தவரும் பக்தர். ஒரே கோயில், ஒரே சாமி. அவருக்குக் கோயில் நிர்வாகத்தின் கௌரவம் தெரிந்தது, இந்த அம்மாவுக்கு நன்றி தெரிந்தது. வடலூர் சத்திய தருமச்சாலையில் பசித்தவர்களுக்காக வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாப்பிட வருகிறவனிடம் அங்கே சாதியும் கேட்பதில்லை, மதமும் கேட்பதில்லை. வள்ளலாரும் பக்தர்தான்.

எல்லா ஊரிலும் அப்படி ஒரு கதவு திறப்பதில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாதை கிடைக்காமல், ஓர் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பொதுவாக இருக்கும்போது மயானம் மட்டும் ஏன் தனி என்று நீதிபதிகள் கேட்டார்கள். சட்டம் இல்லாமலா? தீண்டாமையைத் தண்டிக்கிற 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இடுகாடு, சுடுகாடு என்று சொல்லியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் மயானத்தைத் தடுப்பதைத் தெளிவாகக் குற்றமாக்கியது. இது ஒரு மதத்தின் நோய் மட்டும் அல்ல. நம் மாநிலத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலும் சாதிச் சுவர் எழுந்திருக்கிறது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் கட்டிய சுவர் அது! படிக்கிறது ராமாயணம் என்று அப்பத்தா சொன்னது எல்லா வேதத்துக்கும் பொருந்தும்.

தலைவி அம்மா அவர்களே, இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். நம் ஊராட்சியில் மயானங்கள் சாதிவாரியாகத் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றுக்குத் தார்ச்சாலை, தகனமேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. மற்றதுக்கு வரப்புதான் வழி. சாதி வேறுபாடில்லாத மயானம் உள்ள சிற்றூர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பணத்துக்காகச் செய்ய வேண்டாம், ஆனால் பணம் வந்தால் சுற்றுச்சுவரும் விளக்கும் போட உதவும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் "ஊராட்சிக்கு ஒரே பொது மயானம், எல்லாத் தெருவும் எல்லா இறுதி ஊர்வலத்துக்கும்" என்ற தீர்மானத்தை நீங்களே முன்மொழிய வேண்டும்.

அறங்காவலர் ஐயா, உங்கள் கோயில் தெருவும் இதில் அடக்கம். "எங்கள் தெருவுக்கு ஆட்சேபம் இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். பங்குத்தந்தை அவர்களும் ஜமாஅத் தலைவர் அவர்களும் அன்று கிராம சபைக்கு வந்து உட்கார வேண்டும், பேசக்கூட வேண்டாம். நூலக வாசலில், செய்தித்தாள் மேசையின் மேல், கையெழுத்துத் தாள்கள் இருக்கின்றன. மை வைத்திருக்கிறோம், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம். இன்று இரவு கலை நிகழ்ச்சி முடியும்வரை நான் அந்த மேசை அருகிலேயே இருப்பேன். நன்றி, வணக்கம்.