புல்வெளியைச் சும்மா விட்டால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். ஆர்க்கிட் என்றதும் பூக்கடையில் விற்கும் ஊதாப் பூவோ, மரக்கிளையைப் பற்றி வளரும் செடியோதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஈரப் புல்வெளியில், கோரைகளுக்கு நடுவே, மண்ணில் வேரூன்றி வளரும் ஆர்க்கிட்டுகளும் உண்டு. இன்று நான் பேசப்போவது அவற்றில் ஒன்றைப் பற்றி. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா, மின்னசோட்டா, கனடாவின் மனிட்டோபா ஆகிய இடங்களில்தான் அது இன்று அதிகமாக எஞ்சியிருக்கிறது. தாவரவியல் பெயர் பிளாட்டாந்தெரா பிரேக்ளாரா.

நன்றாக வளர்ந்த தண்டு ஒரு மீட்டரைத் தாண்டும். அதில் இருபதுக்கு மேலும் வெள்ளைப் பூக்கள் வரலாம். கீழிதழ் மூன்றாகப் பிரிந்து, விளிம்பெல்லாம் குஞ்சம் கட்டியதுபோல இருக்கும். பூவின் பின்னால் நீண்ட மெல்லிய குழல் ஒன்று தொங்கும், தேன் அதற்குள்தான். தேனீயின் நாக்குக்கு அது எட்டாது. இரவில் மணம் கூடும்போது, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சிகள் வருகின்றன. பூச்சி தலையை நுழைத்துத் தேன் உறிஞ்சும்போது, மகரந்தத் திரள் அதன் கண்மீதே ஒட்டிக்கொள்கிறது. கண்களின் இடைவெளி பூவின் அளவுக்குப் பொருந்தாத பூச்சியால் பயனில்லை. இதற்கு நெருங்கிய உறவான கிழக்கத்திய ஆர்க்கிட்டிலோ மகரந்தம் ஒட்டுவது உறிஞ்சுகுழலில். இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று 1986இல்தான் பிரித்தறிந்தார்கள். 1989இல் அமெரிக்க அரசு இரண்டையுமே அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

காரணம் எளிது. இந்த ஆர்க்கிட் வளரும் உயர்புல் பிரெய்ரியின், அதாவது வட அமெரிக்காவின் உயரமான புல் வளரும் சமவெளியின், மண் வளமானது. உழுதார்கள், வடிகால் வெட்டினார்கள். நூற்றில் நான்கு பங்குகூட இன்று மிச்சமில்லை.

மிச்சத்துக்கு வேலி போட்டு, யாரும் நுழையாமல் காத்தால் போதும் என்று தோன்றும். போதாது. காட்டெருமை மேய்ந்ததும் அவ்வப்போது தீ பரவியதும்தான் அந்தப் புல்வெளியைப் புல்வெளியாக வைத்திருந்தன. இரண்டும் நின்றால் பழைய புல் காய்ந்து மூடிவிடும், வில்லோ புதர்கள் ஏறிவரும். மரம் வந்தால் நல்லதுதானே என்பவர்கள் உண்டு. சீகை மரங்களை நட்டுப் புல்வெளிகளை இழந்த நீலகிரிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே தீ வைக்க வேண்டும், மாடு மேய வேண்டும், புல்லும் அறுக்க வேண்டும். ஆனால் எப்போது? ஜூலையில் பூத்த செடிக்கு விதை முற்றச் செப்டம்பர் ஆகிவிடும். மாட்டுத் தீவனத்துக்காக இடையில் புல்லை அறுத்தால் அந்த ஆண்டின் விதை மொத்தமும் போயிற்று. விதையோ தூசி போன்றது, தனக்கென உணவு எதுவும் இல்லாதது. மண்ணில் உரிய பூஞ்சை கூட்டுச் சேர்ந்தால்தான் முளைக்கும்.

வடக்கு டகோட்டாவின் ஷெயென் தேசியப் புல்வெளியில், சுமார் 70,000 ஏக்கரில், இன்னொரு சிக்கலும் இருக்கிறது. யூரேசியாவிலிருந்து வந்து பரவிய ஸ்பர்ஜ் என்னும் களை. பால் வடியும் கள்ளிக் குடும்பத்துச் செடி. களைக்கொல்லி தெளித்தால் ஆர்க்கிட்டும் அடிபடலாம். எனவே களையைத் தின்னும் பூச்சிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுள் ஒன்று ஒரு பருந்து அந்துப்பூச்சி. அதன் புழுதான் ஸ்பர்ஜைத் தின்னும். வளர்ந்த பூச்சிக்குத் தேன் வேண்டுமே! அது இந்த ஆர்க்கிட்டைத் தேடிப் போய் மகரந்தமும் சுமக்கிறது என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. யாரும் திட்டமிடாத உதவி.

இதைக் கேட்டு மகிழ்ந்துவிட எனக்குத் தயக்கம் உண்டு. களையை ஒழிப்பதுதான் குறிக்கோள். களை குறைந்தால் அந்தப் பூச்சியும் குறையும். உள்ளூர் அந்துப்பூச்சிகளைக் கொல்லும் பூச்சிமருந்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, வந்தேறிப் பூச்சியை நம்ப முடியாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கிழக்கத்திய ஆர்க்கிட்டுக்குத் தன்னார்வலர்கள் பல்குச்சியால் தொட்டுத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள். சிறிய கூட்டத்துக்கு அது சரி. 70,000 ஏக்கரில் பல்குச்சியோடு யார் அலைவது?

நன்றி, வணக்கம்.