சிரிப்பு முந்தி வந்த ஊர்

எல்லோருக்கும் வணக்கம். நாடகத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், நான் மீனில் தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் கரையோரம் மீன் பேக்டரியில் நின்றவர்கள் இந்த ஒஸ்லோ மண்டபத்தில் எப்படியும் நாலைந்து பேர் இருப்பீர்கள். நானும் நின்றவன்தான். ரப்பர் சப்பாத்து, விறைத்த விரல், விடியாத ஜனவரி. பக்கத்தில் மீன் வெட்டிய வயதான மனுசன் ஒருநாள் தங்கையோடு போனில் கதைத்தார், அது நோர்ஸ்க், அதாவது நோர்வே மொழி, இல்லை என்று எனக்கே விளங்கியது. கடைசியில் "கீத்து, கீத்து" என்று சொல்லிப் போனை வைத்தார். என்ன பாஷை என்று கேட்டேன். "பின்லாந்துப் பாஷை" என்றுவிட்டு எழும்பிக் கத்தி தீட்டப் போய்விட்டார். நானும் அத்தோடு விட்டுவிட்டேன்.

சரி, இப்போது நாடகம். போன மார்ச்சில் வடக்கே பூர்வகுடி நாடகக்காரர்கள் கூடுகிறார்கள், நீயும் வா என்று ஒரு நண்பர் கூப்பிட்டார். இடம் கௌத்தகெய்னோ. விமானத்தில் ஆல்டா, அங்கிருந்து தெற்கே 130 கிலோமீட்டர் கார். வழியெல்லாம் குட்டையான பேர்ச் மரமும் வெள்ளையும்தான், நடுவில் இரண்டு தரம் ரெயின்டியர்கள் ரோட்டை மறித்து நின்றன, ஹோர்ன் அடித்தால் எங்களைத் திரும்பிப் பார்க்கின்றனவே தவிர நகர்வதாக இல்லை.

அந்தப் பாதையில் மாசே என்று ஒரு சின்னக் கிராமம் வரும். ஆல்டா ஆற்றில் அணை கட்ட முதலில் போட்ட திட்டத்தின்படி அந்த ஊர் முழுசாகத் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். ஊர் தப்பியது, ஆறு தப்பவில்லை, அணையைக் கட்டித்தான் முடித்தார்கள். 1979இல் அந்த அணையை எதிர்த்து, வடக்கின் பூர்வகுடிகளான சாமி இனத்து இளைஞர்கள் இதே ஒஸ்லோவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் தங்கள் லாவோ கூடாரத்தை அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், பனிக்குள் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு இருந்தவர்களைத் தூக்கி எடுக்க 600 பொலிஸ் போனது. கௌத்தகெய்னோவில் 'பெய்வ்வாஷ்' நாடகக் குழு தொடங்கியதும் அதே 1981இல்தான். பெய்வ்வாஷ் என்றால் சூரியன். நடு மாரியில் சூரியனே எழும்பாத ஊர்க்காரர் வைத்த பெயர்!

லேசான ஆட்கள் என்று நினைக்காதீர்கள். 2003இல் ஸ்வீடன் பக்கம் யுக்கஸ்யார்வியில், லண்டன் குளோப் அரங்கத்தைப் போல ஒன்றைப் பனிக்கட்டியால் கட்டி, அதற்குள் ஹாம்லெட்டைச் சாமி மொழியில் போட்டவர்கள் இவர்கள். 2024இல் திறந்த புதுக் கட்டடத்தில் இப்போது இருக்கிறார்கள். மூன்று சிறகாக விரிந்த கட்டடம். நாடக அரங்கும், சாமி உயர்தரப் பள்ளியும், ரெயின்டியர் வளர்ப்புப் படிப்பும் ஒரே கூரைக்குக் கீழே. பெயர் சோர்வெமாத்தா, ரெயின்டியர் கொம்பின் அடிப்பகுதி, ஆக உறுதியான இடம். நம் காதில்தான் அது சோர்வு என்று விழுகிறது.

அன்று இரவு பார்த்த நாடகத்தின் கதையைச் சொல்லப் போவதில்லை. பார்வையாளரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மேடையில் பேச்சு சாமி மொழியில், மேலே நோர்ஸ்கில் எழுத்து ஓடுகிறது. ஒரு பகிடி வரும். முதலில் நீலக் கக்டி உடுப்புப் போட்ட கிழவிகளும் பின்வரிசைப் பள்ளிப் பிள்ளைகளும் வெடித்துச் சிரிப்பார்கள். இரண்டு விநாடி கழித்து, எழுத்தை வாசித்து முடித்த தெற்கத்தி நோர்வேக்காரர் சிரிப்பார்கள். கடைசியில் நான். சாமிகளின் யோய்க் பாட்டுத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. ஒரு காலத்தில் பாதிரிமார் பாவம் என்று தள்ளிவைத்த பாட்டு அது. பக்கத்துக் கிழவி வாய் திறக்கவில்லை, தொண்டை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

நம் நாடக விழாக்களில் இது தலைகீழாக நடக்கிறதே என்று அங்கே இருந்து யோசித்தேன். மேடையில் தமிழ், பெற்றோர் சிரிக்கிறார்கள், பிள்ளை அம்மாவின் கையைச் சுரண்டி "என்னவாம்?" என்று கேட்கிறது, அம்மா நோர்ஸ்கில் விளங்கப்படுத்துகிறாள், அதற்குள் அடுத்த பகிடி போய்விடுகிறது. என் மகளும் அப்படித்தான் சுரண்டினாள், நான் "பிறகு சொல்கிறேன்" என்றேன், பிறகு சொல்லவும் இல்லை.

நாடகம் முடிந்து கோட் எடுக்கப் போனேன். கீழே விழுந்த யாரோ ஒரு பாட்டியின் கையுறையை எடுத்துக் கொடுத்தேன். "கீத்து" என்றார். சாமியில் நன்றி.

அப்படியே நின்றுவிட்டேன். நோர்ஸ்க் பேசத் தெரியாதவனுக்குப் பின்மார்க்கில் அரச காணி விற்கக் கூடாது என்று 1902இல் சட்டமே போட்ட நாடு இது. கரையோரச் சாமிகள் பலர் தங்கள் பாஷையை வீட்டுக்குள்ளேயே ஒளித்துவைத்தது ஏன் என்று எனக்கு அந்தக் கோட் வரிசையில் நின்றுதான் விளங்கியது, அதுவும் முப்பது வருஷம் கழித்து. பேக்டரியில் கத்தி தீட்டுவது வேலை தொடங்க முன்னர். அவர் போனில் கதைத்தது மத்தியான இடைவேளையில். அந்தக் கத்தியை அன்று காலையிலேயே எனக்கு முன்னால்தான் தீட்டி வைத்திருந்தார்.