ஏரியச் சுத்தி, சோலைக்குள்ள: கொடைக்கானல்ல காலாற ஒரு நடை

கோடை பண்பலை நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். மலை மேல இருக்கறவங்களுக்கும் கீழ திண்டுக்கல், மதுரை, தேனி பக்கம் வேலையப் பாத்துக்கிட்டே கேட்டுட்டு இருக்கறவங்களுக்கும்.

கொடைக்கானலுக்கு வர்றவங்க நிறைய பேரு பண்றது என்னன்னா, ஒரு வண்டியப் பிடிச்சு தூண் பாறை, குணா குகை, பைன் காடுன்னு வரிசையா இறங்கி ஏறி போட்டோ எடுத்துட்டு, சாயங்காலம் ஏரியில அரை மணி நேரம் போட்ல உக்காந்துட்டு கீழ இறங்கிடுறாங்க. தப்புன்னு சொல்ல வரல. ஆனா இந்த ஊர கால்ல நடந்து பாக்காம போறது எனக்கு உண்மையிலேயே மனசுக்குக் கஷ்டமா இருக்கு. மலை ஊருன்னதும் நடைன்னா பெரிய ட்ரெக்கிங்னு நினைச்சுக்கறாங்க. அப்பத்தா, அம்மாச்சிய கூட்டிக்கிட்டு, சின்னப் புள்ளைங்க கையப் பிடிச்சுக்கிட்டு நடக்கற மாதிரி பாதையெல்லாம் ஊருக்குள்ளயே இருக்குங்க.

முதல்ல ஏரி. 1863ல அப்போ மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் அப்படிங்கறவர்தான் சதுப்பு நிலத்துல ஓடிக்கிட்டு இருந்த ஓடைகளுக்குக் கரை கட்டி இந்த ஏரிய உருவாக்கினாரு, அதாவது இது தானா உண்டான ஏரி இல்ல, சுத்தி இருக்கற சரிவுலேருந்து வர்ற தண்ணிய நிறுத்தி வச்சது. இத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரேன். ஏரியச் சுத்தி ரோடு ஏறக்குறைய 5 கிலோமீட்டர், ஏத்தம் இறக்கம்னு பெருசா ஒண்ணும் கிடையாது, பராக்கு பாத்துக்கிட்டே நடந்தாலும் ஒண்ணரை மணி நேரத்துல சுத்தி வந்துடலாம். நட்சத்திரம் மாதிரி கை கையா பிரிஞ்ச ஏரிங்கறதால எங்க நின்னாலும் முழு ஏரியும் கண்ணுல சிக்காது, ஒரு வளைவு திரும்பினா புதுசா ஒரு தண்ணி, அடுத்த வளைவுல போட் சத்தமே இல்லாம மரங்க மட்டும், அதனால நடக்கறவங்களுக்கு அலுப்பே தட்டாது.

காலையில ஆறு, ஆறரைக்கு கிளம்பிடுங்க. ஒன்பது மணிக்கு மேல குதிரை, வாடகை சைக்கிள், கார்னு ரோடு நிரம்பிடும், அப்புறம் புள்ளைங்கள விட்டுட்டு நிம்மதியா நடக்க முடியாது. கீழேருந்து வந்தவங்களுக்கு முதல் நாள் கொஞ்சம் மூச்சு வாங்கும், ஊரு 2,000 மீட்டருக்கு மேல இருக்குல்ல, அதனால வேகத்தக் குறைச்சுக்கங்க, அவ்வளவுதான், பயப்பட ஒண்ணும் இல்ல. ஸ்வெட்டர் போட்டுட்டுத்தான் கிளம்புவீங்க, பாதி சுத்துலயே கழட்டி இடுப்புல கட்டிக்குவீங்க.

கோக்கர்ஸ் வாக்கும் சொல்லணும். 1872ல போட்ட பாதை, ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும், மலையோட விளிம்புல போகுது, வானம் தெளிவா இருந்தா கீழ பெரியகுளம் பக்கத்து சமவெளி வரைக்கும் தெரியும். மதியத்துக்கு மேல மேகம் ஏறி வந்து மூடிக்கும், அதனால அதுவும் காலையிலதான்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. ஏரியச் சுத்தினவங்க மறுநாள் காலையில ஒரு சோலைக்காட்டுப் பக்கம், அதாவது இந்த மலைக்கே சொந்தமான பழைய காட்டுப் பக்கம் போயி பாருங்க. பக்கத்துலயே பியர் சோலான்னு ஒரு சோலை இருக்கு, முன்ன கரடிங்க தண்ணி குடிக்க வந்த இடம்னு சொல்லுவாங்க, கரடுமுரடான ஒரு சின்னப் பாதை, அருவின்னா மழைக்கு அப்புறம்தான் அருவி, மத்த மாசத்துல ஒழுகிக்கிட்டு இருக்கும். அருவிக்காக போகாதீங்க, மரத்துக்காகப் போங்க. வட்டக்கானல் பக்கம் பாம்பார் சோலையும் இதே மாதிரிதான், அத ரோட்டு ஓரமா நடந்தே பாத்துடலாம். அங்கேருந்து டால்பின் நோஸ்ங்கற பாறை முனைக்கு இறங்கற பாதை இருக்கு பாருங்க, அத ஈஸி நடைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இறங்கறது சுலபம், ஏறி வர்றப்ப முட்டி சொல்லும்.

சோலை விளிம்புக்கு வந்தவுடனே குளிர் கூடுறது தோல்லயே தெரியும். மரம் உசரமா இருக்காது, வளைஞ்சு நெளிஞ்சு குடை விரிச்ச மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு நிக்கும், பட்டை கண்ணுக்கே தெரியாத அளவுக்கு பாசி, அந்தப் பாசிக்குள்ள சின்னச் சின்ன ஆர்க்கிட், பெரணி. புதுத் தளிரெல்லாம் செக்கச் செவேல்னு இருக்கும், தூரத்துலேருந்து பாத்தா பூத்திருக்குன்னே நினைப்பீங்க. பாதை ஓரத்துல குனிஞ்சு அந்த இலைச் சருக மேல உள்ளங்கைய வச்சு லேசா அமுத்திப் பாருங்க, மழை நின்னு பல நாள் ஆயிருந்தாக்கூட கை நனையும். மழைத் தண்ணிய ஓட விடாம மண்ணுக்குள்ள வாங்கி வச்சுக்கிட்டு கோடை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஓடைக்கு விடுற வேலைய சோலையும் அத ஒட்டின புல்வெளியும் சேர்ந்து பாக்குது. லெவிஞ்ச் கரை கட்டினது சரி, கட்டினதுக்கு உள்ள தண்ணி வர்றது இப்படிப்பட்ட சரிவுகளாலதான்.

அதனாலதான் பைன் காட்டப் பத்தி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எல்லாரும் ஆசையா போட்டோ எடுக்கற அந்த பைன் மரம், அப்புறம் தைல மரம், வாட்டில்ங்கற சீகை மரம் இதெல்லாம் இந்த மண்ணோட மரமே இல்ல, வெளியேருந்து கொண்டாந்து வச்சது, அதுக்காக பறிபோனது பெரும்பாலும் புல்வெளி. மரம் இல்லாத இடம்னா சும்மா கெடக்கற இடம்னு நினைச்சுட்டாங்க. பைன் காட்டுக்குள்ள நின்னு கீழ பாருங்க, ஊசி ஊசியா சருகு, அடியில செடி கொடி ரொம்பக் கம்மி. ஆனா சில பழைய வாட்டில் தோப்புல நிழலுக்கு அடியில சோலை மரக்கன்னுங்க தானா முளைச்சு வந்துக்கிட்டு இருக்கு, நடக்கறப்ப அதத் தேடிப் பாருங்க, பாத்தா மனசு நிறைஞ்சு போகும். வட்டக்கானல் பக்கம் உள்ளூர் மரக்கன்னு வளத்து நட்டவங்க பல வருஷமா பாடுபட்டிருக்காங்க, அவங்களுக்கு ஊரே கடன்பட்டிருக்கு.

பறவை பாக்கற ஆசை இருக்கறவங்க பேசாம ஒரு பத்து நிமிஷம் நின்னா போதும். கருப்பும் ஆரஞ்சுமா ஒரு ஈப்பிடிப்பான், முழங்கால் உசரத்துப் புதர்லயே உக்காந்திருக்கும். பழனி மலையோட பேரையே தாங்கிக்கிட்டு இருக்கற சிரிப்பான் குருவி, அது கூட்டமா கத்துறது தோட்டத்து வேலி வரைக்கும் கேக்கும். ரெண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது.

சில விஷயம் கண்டிப்பா கேட்டுக்கங்க. காட்டுமாடு இப்ப ஏரிக்கரை வரைக்கும் வருது, மாடு மாதிரி அமைதியா மேயுதேன்னு பக்கத்துல போயி செல்ஃபி எடுக்கவே எடுக்காதீங்க, நல்லா தள்ளி நின்னு அது போற வரைக்கும் வழி விடுங்க, முட்டுப்பட்டு உயிர் போனவங்க இருக்காங்க. சோலைக்குள்ள தனியா போகாதீங்க, இருக்கற பாதைய விட்டு விலகாதீங்க, சில இடம் வனத்துறை அனுமதி இல்லாம நுழையக் கூடாது, பேரிஜம் ஏரியும் அப்படித்தான். மழைக்காலத்துல அட்டை ஏறும், கொஞ்சம் உப்பு கையில வச்சுக்கங்க. நமக்கு பெரிய மழையே ஐப்பசி, கார்த்திகையிலதான், நடக்கறதுக்கு தை, மாசி அருமையா இருக்கும், குளிரு மட்டும் கடுமை. தண்ணிக்கு வீட்டுலேருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டாந்துடுங்க. 2024 மே மாசத்துலேருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும், கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க.

கடைசியா, கீழ இறங்கறப்ப வெள்ளி நீர்வீழ்ச்சில எல்லாரும் நிப்பாட்டுவீங்கல்ல, அங்க விழறது இதே ஏரியிலேருந்து வழிஞ்சு போற தண்ணிதான், புள்ளைங்களுக்கு அதச் சொல்லுங்க. அங்க குரங்கு ஜாஸ்தி, தீனிப் பைய வண்டிக்குள்ளயே வச்சுட்டு இறங்குங்க. வணக்கம்.